காத்திருப்புக் கணக்கு

இந்த நகரத்தை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
பதினாறு வருஷமாக ஓட்டோ.
மழை பெய்தால் எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணி நிற்கும்,
ஆமர் வீதிச் சந்தி எத்தனை மணிக்கு இறுகும்,
புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர்கள்
எந்த மூலையால் குறுக்கே பாய்வார்கள்,
எல்லாம் சொல்வேன்.

நிவேதனிக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று கேட்டால்
ஸ்டாண்டில் நிற்கிற ஒருத்தனுக்கும் வழி தெரியவில்லை.
எனக்கும்தான்.

ராஜகிரியவில் ஒன்று. வாசலில் பூச்சாடிகள்.
மாதக் கட்டணத்தை ஆங்கிலத்தில் சொன்னா.
இன்னொரு தரம் கேட்டேன்,
விளங்காமல் இல்லை.

தெஹிவளையில் பெயர் எழுதுகிற கொப்பி இருந்தது.
எங்களுடையது நூற்றுப் பதினேழு.
கூப்பிடுவோம் என்றார்கள்.
கொறற்றி குளிக்கப் போனாலும்
போனை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

கிட்டவே, கொட்டாஞ்சேனையில்,
சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு விசேட அலகு.
டீச்சர் பிரசவ லீவில்.
யன்னலால் எட்டிப் பார்த்தேன்:
கால் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

நுகேகொடையில் பேச்சுப் பயிற்சி மிஸ்
சிங்களத்தில் மெதுவாகச் சொன்னா:
வீட்டில் ஒரே மொழியில் மட்டும் கதையுங்கள்,
பிள்ளை குழம்பும்.
ஒரே மொழிதான் மிஸ், அது உங்களிடம் இல்லை
என்று நான் சொல்லவில்லை.
தலையாட்டினேன்.

மருதானையில் ஏறிய ஓர் அம்மா
கண்ணாடியில் என் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து
போன பிறவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தா.
மீற்றர் காட்டியதுக்கு மேல் ஒரு ரூபா வாங்கவில்லை.
குறைக்கவுமில்லை.

இன்னோர் இடத்தில் சிவப்புக் கட்டையை எடு என்றார்கள்.
எடுக்கவில்லை.
நீலத்தை? எடுக்கவில்லை.
கடதாசியில் இரண்டு புள்ளடி விழுந்தது.
அவள் மேலே சுற்றுகிற ஃபானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒன்பது வயசு,
யாரோ முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பதுபோல.

அவளுக்குப் பிடித்தது மீற்றர்.
சிவப்பு எண்கள்.
நூற்றுத் தொண்ணூறு இருநூறாகும்போது
மூன்றில் இரண்டு எண் ஒன்றாய்ப் புரளுமே,
அப்போது சிரிப்பாள்.
பெரிய சத்தமான சிரிப்பு. சில சவாரிகள் பயப்பட்டிருக்கிறார்கள்.
பெற்றோல் இருக்கிற நாட்களில்
அந்தப் புரளலுக்காகவே சுற்றுவட்டத்தை
இன்னொரு தரம் சுற்றியிருக்கிறேன்.
கொறற்றிக்கு இது தெரியாது.

மட்டக்குளியில், ஆற்றுப் பக்கம்,
ஒரு வீட்டை மாற்றி நடத்துகிறார்கள்.
எட்டுப் பிள்ளைகள். இனோக்கா மிஸ்.
சொப்பிங் பையிலிருந்து அறிக்கைகளை எடுத்தேன்.
வாங்கி, வாசிக்காமல் கதிரையில் வைத்துவிட்டுக் கேட்டா:
இவளுக்கு என்ன பிடிக்கும்?

ஆறு இடம் போயிருக்கிறோம்.
இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாராக வைத்திருக்கவில்லை.
மீற்றர், என்றேன். வெட்கமாக இருந்தது.

மிஸ் வெளியே வந்து
ஓட்டோவில் அவள் பக்கத்தில் ஏறி இருந்தா.
போடுங்கள் என்றா. போட்டேன்.
வண்டி அசையவில்லை.
நின்றாலும் மீற்றர் ஏறும், மெல்ல,
காத்திருப்புக்கு ஒரு கணக்கு உண்டு.
எஞ்சின் நிறுத்தி, ஆற்று நாற்றத்தில், வெயிலில்,
மூன்று பேரும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒரு சொல் இல்லை.
எந்த மொழியிலும் இல்லை.

புரண்டது.
சிரித்தாள்.
மிஸ் பயப்படவில்லை.
இதுக்குத் தமிழில் என்ன என்று என்னைக் கேட்டா.
இருநூறு.
இருன்னூரு, என்று சொல்லிப் பார்த்தா,
இரண்டு தரம், பிழையாக.

பிறகு விஷயத்துக்கு வந்தா:
ஜனவரியில் பார்க்கலாம். வாரம் இரண்டு நாள்.
இடம் உறுதியில்லை.
ஒரு படிவம் தந்தா.

வீட்டில் கொறற்றி ஒவ்வொரு கட்டமாய் நிரப்பினாள்,
பிறந்த திகதி, இரத்த வகை, தகப்பன் தொழில்.
தாய்மொழி என்ற கட்டத்தில்
பேனை நின்றது.

வெளியே, நான் நிறுத்த மறந்த மீற்றர்
ஓடிக்கொண்டிருந்தது.
நிவேதனி அதற்கு முன்னால் இருந்தாள்.