மைனஸ் எண்பது

நேற்று மாலை ஐந்தரையோடு என் பதவிக்காலம் முடிந்தது.
நீட்டிப்புக் கோப்பு டெல்லியில் இருக்கிறதாம்.
டெல்லியில் எங்கே என்று
யாருக்கும் தெரியவில்லை.

இரவு இரண்டு பத்துக்கு
ஃப்ரீசர் எனக்குத்தான் குறுஞ்செய்தி அனுப்பியது:
மைனஸ் எழுபத்தொன்று.
அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலும்.

வேளச்சேரியில் முட்டியளவு தண்ணீர்.
தரமணிக்கு ஐந்நூறு கேட்டார் ஆட்டோக்காரர்.
ஆஸ்பத்திரியா மேடம்?
ஆமாம்.
யாருக்கு?
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
என்று சொல்ல வாய் வரவில்லை.
கொஞ்சம் சீரியஸ் என்றேன்.
அப்புறம் அவர் காசைப் பற்றிப் பேசவேயில்லை.

(போன மாதம் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்டார்.
சம்பளமில்லை, உதவித்தொகை என்றேன்.
முதியோருக்குத் தருவாங்களே, அதுவா என்றார்.
முப்பத்தாறு வயதாகிறது, 
சட்டென்று மறுக்க முடியவில்லை.)

கதவில் அட்டையைக் காட்டினேன். சிவப்பு.
துடைத்துவிட்டுக் காட்டினேன். சிவப்பு.
கஜபதி அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து
என்னையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார்.
மிஷினுக்கு என்னா தெரியும் என்று
தன் அட்டையை வைத்தார்.
முனைவர் பட்டமும் அதற்குப் பின்னான நான்கு வருடமும்
திறக்காத கதவு
ஏஜென்சி அட்டைக்குத் திறந்தது.
அவருக்கும் பதினொரு மாத ஒப்பந்தம்தான்.

கருத்தரங்கக் கூடத்தில் எல்லா விளக்கும் எரிகிறது.
எங்கள் தளத்தில் மட்டும் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது.
லிஃப்ட் பக்கமிருந்து
எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து வந்து சொருகினோம்.
பெருமூச்சு விட்டு உறுமியது பெட்டி.
இனி செய்வதற்கு ஒன்றுமில்லை.
எண் இறங்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உள்ளே புளியந்தோப்பு, வியாசர்பாடி, எண்ணூர்,
சுண்டுவிரல் நீளக் குழாய்களில் உறைந்த சளி.
பி 217, மாத்திரையை இட்லிக்குள் வைத்து
விழுங்குவதாகச் சொன்னவர்.
பி 340, இருமி முடித்து, டப்பாவை நீட்டி,
இதுல என்னா தெரியும் உங்களுக்கு என்று கேட்டவர்.
அப்போது சிரித்துச் சமாளித்தேன்.
இப்போதும் தெரியாது.
ஆடியில் அவர் இறந்துவிட்டார்.
சளி இருக்கிறது,
கேள்வியும்.

மைனஸ் எழுபத்தாறு. 
மைனஸ் எழுபத்தாறு.
எழுபத்தேழு.

விடியும்போது கஜபதி அண்ணன் தயங்கித் தயங்கி
பார்வையாளர் பதிவேட்டைக் கொண்டுவந்தார்.
அட்டை வேலை செய்யாதவர்கள் எழுதியே ஆகவேண்டுமாம்.
பெயர்: ஹெப்சிபா.
பதவி என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.
யாரைப் பார்க்க வந்தீர்கள்?
பி 340 என்று எழுதினேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
வெறும் இனிஷியல் போட்டா எப்படி மேடம்,
ஆளு பேரு எழுதுங்க.