உத்தனப்பள்ளி வரை

பதினாலு சீட்டு. பதினேழு பேர்.
விடிகாலை நாலு இருபதுக்குப் பாலக்கோட்டில் ஏறுகிறவர்கள்
உட்கார்ந்துகொள்வோம்.
மாரண்டஹள்ளியில் ஏறுகிற மூன்று பேர்
கம்பியைப் பிடித்தபடி
ஓசூர் கம்பெனி கேட் வரை நின்றே தூங்குவார்கள்.
முதல் நாலு மாதம் இதில் தப்பு இருப்பதாக
எங்களில் ஒருத்திக்கும் படவில்லை.
முன்னால் வந்தவளுக்கு இடம்;
மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுகிறது,
அதுபோல.

நின்றவர்களுக்குப் பட்டிருக்கும்.
நாங்கள் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், கண்ணாடி முழுக்கப் பனி.
ராயக்கோட்டைத் தக்காளி மண்டி முன்னால்
லாரி ஒன்று குறுக்கே திரும்ப, வேன் நின்றது.
நான் எழுந்தேன்.
மாதேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள்,
சீட்டைப் பார்த்தாள்,
உட்கார்ந்தாள்.
அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் அதே மண்டி வாசலில்
பக்கத்து சீட்டு கோகிலவாணி எழுந்தாள்,
எதற்கென்று சொல்லாமல்.
அதற்கடுத்த நாள் தனுஜா எழவில்லை.
யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.
மத்தியானம் கேன்டீனில் அவள் டப்பாவைத் திறந்தபோது
ஒரு கைகூட அவளுடைய மாங்காய் ஊறுகாய்க்கு நீளவில்லை.
வெள்ளிக்கிழமை
மண்டிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே
எழுந்து நின்றுவிட்டாள்.

பொங்கலுக்குள் அதற்குக் கிளை விட்டது.
நாளுக்கு மூன்று பேர், ஜன்னல் வரிசைப்படி.
மாதவிலக்கின் முதல் நாள் என்றால் எழ வேண்டாம்.
முந்தின நாள் ஓவர்டைம் பார்த்தவள் எழ வேண்டாம்.
ஆறு மாத வயிற்றோடு சென்னம்மா எழவே கூடாது.
"நின்னா புள்ளை கீழ விழுந்துருமா?" என்று
அவள் வீம்புக்கு எழுந்தாள்.
சென்னம்மா எழுந்தால் பதினாறு பேரும் எழ வேண்டும் என்று
இன்னொன்று போட்டோம்.
ஒரு தடவை எழுந்தோம், ஒரே நெரிசல், ஒரே சிரிப்பு.
அதற்குப் பிறகு உட்கார்ந்தாள்.

ஒரே மாதத்தில் மூன்று முறை
முதல் நாள் வந்தது ஒருத்திக்கு
(பெயர் வேண்டாம், இப்போது லைன் லீடர்).
நாங்கள் எண்ணி வைத்திருந்தோம்,
தனித்தனியாக, எல்லோரும்.

எங்கள் ஊர்க்காரி ஒருத்தி
கிலோமீட்டர் கணக்கு எடுத்து வந்தாள்:
அவங்க நிற்கிறது கொஞ்ச தூரம்,
உட்கார்றது ஓசூர் மட்டும். இது எந்த ஊர் நியாயம்?
நாலு மாதம் நின்ற தூரத்தை
யார் கணக்கில் எழுதுவது என்றாள் மாதேஸ்வரி.
இரண்டு நாள் வேனில் பேச்சே இல்லை.
பிறகு, உத்தனப்பள்ளியில் மறுபடி மாறுவது
என்றாயிற்று. யார் சொன்னது என்று
யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.
டிரைவர் திம்மராயன் இரண்டு இடத்திலும்
லாரி இல்லாத நாளிலும்
அரை நிமிஷம் நிறுத்தப் பழகியிருந்தார்.

சித்திரையில் நவநீதா சேர்ந்தாள்,
பஞ்சப்பள்ளி, தெலுங்கு கலந்த தமிழ்.
மண்டி வந்தும் அசையாமல் இருந்தாள்.
மாதேஸ்வரி குனிந்து காதில் சொன்னாள்:
"இங்க எப்பவுமே இப்படித்தான்."

எப்பவுமே.
அஞ்சு மாசம்.

நான் சொல்லாதது ஒன்று உண்டு.
அன்றைக்கு என் சீட்டில் ரெக்சின் கிழிந்து
ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது.
தொடையில் குத்தியது. எழுந்தேன்.
வேறொன்றுமில்லை.

போன வாரம் திம்மராயன் சீட்டை மாற்றிவிட்டு
பழைய கம்பியைக் கையில் தூக்கிக் காட்டினார்.
மாதேஸ்வரி என் பக்கம் திரும்பாமல்
"ஓசூர் வரைக்கும் குத்துச்சு, அன்னைக்கு" என்றாள்.
அன்று சாயங்காலமே கோகிலவாணியிடம்
"பாவம் பாத்து எடம் குடுத்தா" என்று
சொல்லி வைத்தவளும் அவள்தானாம்.

இன்று என் முறை.
மண்டி விளக்கு தெரிகிறது.
சீட்டு புதுசு, மெத்தென்று இருக்கிறது.
எழுகிறேன்.