குறிப்பாணைக்கு விளக்கம்

ஐயா,
ஒன்பது நாள் பணிக்கு வராததற்கு
எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தீர்கள்.
உறையின் ஓரம் நனைந்திருந்தது.
ஐப்பசியில் இங்கே எல்லாமே
ஓரம் நனைந்துதான் வந்து சேரும்.

காய்ச்சல் இல்லை. சான்றிதழ் இணைக்கவில்லை.

அன்று நான் விடுப்பின்றி
சிட்டை எழுதிய இருபத்து மூன்றாம் நாள்.
லாரி வரவில்லை.
நாலாயிரம் மூட்டை அடுக்கில்.
தார்ப்பாய் எட்டு, ஓட்டையில்லாதது ஐந்து.
வெளியே சாலையின் ஒரு பாதி
வெண்ணாற்றுப் பாலம் வரைக்கும் குறுவை நெல்.
இரவு பதினொன்றுக்குப் போன் வரும்:
ஏன் இவ்வளவு குறைவாகப் பிடித்தாய்?
காலை ஐந்துக்குப் போன் வரும்:
இடமில்லாமல் ஏன் இவ்வளவு பிடித்தாய்?
இரண்டு குரலும் ஒருவருடையதா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

டோக்கன் அறுபத்தொன்று, கீழத்தெரு வேம்பரசி.
பெயர் எழுதினேன்.
சர்வே எண் எழுதினேன்.
மூட்டை நாற்பது என்றார்.
நாற்பதை எப்படி எழுதுவது?
நாலு முன்னாலா, சுழி முன்னாலா?
பேனா நின்றுவிட்டது.
ஆறு நாள் தன் நெல்லோடு சாலையில் படுத்திருந்தவர்,
திட்டியிருக்கலாம்.
"மெதுவா எழுதுங்க சார்" என்றார்.
அதற்குத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்,
நாற்பது பேர் பார்க்க.

சுமை தூக்கும் சவரிநாதன்
தராசின் சுவிட்சை அணைத்தார்.
"சாருக்கு இருபத்திரண்டு ஏறிப்போச்சு.
இப்ப சாக்குல அடைச்சா முளை விட்டுரும்.
காயட்டும்" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

ஐயா, ஈரம் பதினேழைத் தாண்டிய நெல்லுக்கு
நாம் குறிப்பாணை அனுப்புவதில்லை.
பரப்பிவிடுகிறோம்.
காலால் கோடு கோடாகக் கிளறிவிடுகிறோம்.
சாயங்காலம் மறுபடி அளக்கிறோம்.
அதே நெல்தான்.

முதல் நாலு நாள் தூங்கினேன்.
தூக்கத்திலும் மீட்டர் எண் ஓடியது.
ஐந்தாம் நாள் ரசத்தில் மிளகு இருப்பது தெரிந்தது.
திருவாரூர் மருத்துவமனையில் டாக்டர்
"கடைசியாக எப்போது சும்மா உட்கார்ந்தீர்கள்?" என்றார்.
பதில் தேடவே ஒரு நாள் ஆயிற்று.

அதுவரை பக்கத்து நிலையத்து நிஜாமுதீன்
தன் வேலை முடித்து, மாலையில் மூன்று மணி நேரம்
என் நாற்காலியில் உட்கார்ந்தார்.
இதற்கு உத்தரவு ஏதும் இல்லை.
ஆகவே அவர் பெயரை நான் எழுதவில்லை
என்று கொள்ளவும்.

ஒரு வேண்டுகோள்.
தண்ணீர் குறைந்த வருடம்
கல்லணையில் முறை வைக்கிறார்கள்,
காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள்.
மதகு மூடிய நாளில்
வெண்ணாற்றைச் சோம்பேறி என்று
யாரும் சொன்னதில்லை.
எங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை வேண்டும்.
இரவு எட்டுக்குமேல் போன் வேண்டாம்.
தார்ப்பாய் மூன்று வேண்டும்.
மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்பது
தவறென்றால், தார்ப்பாயை முதலில் அனுப்பவும்.

நேற்று முதல் பணியில் இருக்கிறேன்.
கை லேசாக நடுங்குகிறது, எண்கள் வருகின்றன.
வேம்பரசியின் நாற்பது மூட்டையும்
அன்றைக்கே ஏறிவிட்டது, எடை சரி.
அந்தச் சிட்டையில் மட்டும்
பாதிக்கு மேல் எழுத்து வேறு.
தணிக்கையில் கேட்டால்
இந்தக் கடிதத்தின் நகலைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
அமிர்தகடேசன்,
பட்டியல் எழுத்தர்.