நிகர எடை

அய்வோ துறையில் இருபத்தாறு வருஷம்
தராசோடு குடித்தனம் எனக்கு.
லாரி ஏறும், முள் நடுங்கும்,
மொத்தத்தில் வண்டியைக் கழித்து
மிச்சத்தை எழுதுவேன்.
மிச்சம் என்பது என் நாடு.

நவுரு. காரில் சுற்றிவர இருபது நிமிஷம்.
குறுக்கே விமானம் இறங்கினால்
சிக்னலில் நின்று இன்னும் பத்து.

சிட்னியில் ஏதோ ஓர் அலுவலகத்தில்
கதவு சாத்திக்கொள்ளாதிருக்க
முட்டுக் கொடுத்திருந்த எங்கள் கல்லை
ஒருவன் தட்டிப் பார்த்தான். அவ்வளவுதான்.
அந்தக் கதவு நூறு வருஷம்
திறந்தே கிடந்தது.

கில்பர்ட் தீவிலிருந்து தெகாய் வந்தான்,
ஹாங்காங்கிலிருந்து லியோங் வந்தான்,
பவளப் பாறை இடுக்குகளில்
மண்வெட்டியோடு இறங்கினார்கள்.
நிலத்துக்காரனுக்கு டன்னுக்கு அரை பென்னி.
அந்த அரையையும் எழுதி வைத்திருக்கிறார்கள்,
அழகான கையெழுத்து.

போர் வந்தபோது கப்பல்கள்
மண்ணை விட்டுவிட்டு ஆட்களை ஏற்றின.
ட்ரக் தீவுக்குப் போனவர் ஆயிரத்து இருநூறு.
திரும்பியவர் எழுநூற்று முப்பத்தேழு,
அதில் ஒருத்தி என் அம்மா.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே
எனக்குக் கழித்தல் தெரிந்திருந்தது.

அறுபத்தெட்டில் கொடி எங்களுடையது,
இரண்டு வருஷத்தில் தராசும்.
பிறகு பணம் வந்தது பாருங்கள்!
வரி கிடையாது. பல்வலிக்கு மெல்போர்ன்.
அங்கே எங்களுக்கு ஐம்பத்திரண்டு மாடிக் கட்டிடம்,
எங்கள் தீவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு உயரம்.
மச்சான் டெபாவோ மூன்று கார் வாங்கினான்.
நான்காவது கியர் போடுவதற்குள்
தன் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவான்.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள்.
சரிதான்.
ஆனால் நாங்கள் குந்துவதற்கு முன்பே
குன்றில் ஒரு பங்கைக் காணோம்.
ஊரில் மற்றவர்களுக்கு மானம் கப்பலேறும்,
எங்களுக்கு மண்.

மண் தீர்ந்த இடத்தை
வாடகைக்குக் கேட்டது ஆஸ்திரேலியா,
கடலில் பிடித்த மனிதர்களை வைத்துக்கொள்ள.
எய்ரோவா, உனக்குக் கணக்கு வருமே,
தலை எண்ணி எழுத வா என்றார்கள்.
டன் கணக்குதான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.
பொய்.
தம்பி மகள் போனாள். நல்ல சம்பளம்,
கூரைக்கு அவள்தான் தகரம் போட்டாள்.

வங்கியில் பணம் தீர்ந்த செவ்வாய்க்கிழமை
வரிசையில் நானும் நின்றேன்.
விமானத்தில் நோட்டு வருகிறது என்றார்கள்.
ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகொரு நாள் விமானமே கடனுக்குப் போயிற்று.
சிக்னல் மட்டும்
யாருக்கோ பச்சை காட்டி நின்றது.

சீனக் கடையில் உறைந்த ஆட்டு நெஞ்சு வாங்குகிறேன்.
நியூசிலாந்துச் சரக்கு, மூன்று விரல் கொழுப்பு.
எங்கள் தூளைத் தூவி வளர்ந்த புல்,
புல்லை மேய்ந்த ஆடு.
எழுபத்து நான்கில் நான் எழுதி அனுப்பிய
எந்த லாரி இது என்று யோசித்தபடி மெல்லுவேன்.
டெபாவோவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது.
கார்கள் நிற்கின்றன, துருவும் அவற்றின் மேல் கோழியுமாக.

போன வாரம்
கத்தரி போடலாமென்று
பிஜியிலிருந்து வந்த தோட்டமண் ஒரு மூட்டை வாங்கினேன்.
ஆமாம், மண். விலைக்கு.
இருபத்தைந்து கிலோ என்று அச்சிட்டிருந்தது.
தூக்கியதுமே கைக்குத் தெரிந்தது.
கிடங்கில் சாக்கு நிறுக்கும் பழைய தராசு
இன்னும் கிடக்கிறது, வைத்துப் பார்த்தேன்.
இருபத்து நான்கு கிலோ அறுநூறு.

கடைப் பையன் சிரிக்கிறான்,
நானூறு கிராம் மண்தானே, அத்தை.

நோட்டை எடு தம்பி.
குறையை எழுது.
தேதி போடு.
கீழே உன் கையெழுத்து.