இணைப்பு: ஆறு தாள்

தல்லாகுளத்துக் கல்யாண மண்டபத்தில்
மின்கட்டணம் குறித்த கருத்துக்கேட்பு.
முந்தைய நாள் முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளில்
மாப்பிள்ளை பெயர் உதிர்ந்துவிட்டது,
பெண் பெயர் பாதி.
'வெட்ஸ்' மட்டும் திடமாக நின்றது
ஆணையத்தின் மூன்று நாற்காலிகளுக்கு மேலே.

பேசுவதைத் தட்டச்சு செய்வது என் வேலை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணி அடிக்க ஒருவர், மைக் நீட்ட ஒருவர்.

கப்பலூர் லேத் பட்டறைக்காரர்
உச்சநேரக் கட்டணத்துக்கு எதிராகக் கத்தினார்.
'உரத்த குரலில்' என்று அடித்தேன்,
அழித்தேன்.
படிவத்தில் குரலுக்குக் கட்டம் இல்லை.
ஒரு வக்கீல் சட்டப்பிரிவுகளாகவே பேசினார்;
அவர் சொன்னது மட்டும் பிழையில்லாமல் பதிவானது.

அறுபத்தொன்றாவதாக, ஒச்சம்மாள், செல்லூர்.
நீட்டிய மைக்கை விட்டுவிட்டு
நேரே மேசைக்குப் போனார்.
மஞ்சள் பையிலிருந்து ஆறு தாள் எடுத்து
சீட்டு போடுவதுபோல் வரிசையாக வைத்தார்.
தினசரி காலண்டரில் கிழித்தவை.

"ரெண்டு மாசக் கணக்கு, சார்.
அறுவதாம் நாளு டார்ச் அடிச்சு நானே பாத்தேன்,
நானூத்தித் தொண்ணூத்தி நாலு.
நீங்க அனுப்புன ஆளு வந்தது அறுவத்தாறாம் நாளு.
ஐநூத்தி நாப்பத்தொண்ணு.
ஐநூறத் தாண்டுனா
முன்ன எரிச்ச யூனிட்டுக்கும் வெல ஏறுதுல்ல?
இந்தா, அந்த ஆறு நாளு.
இதுல அஞ்சு மேல்நோக்கு நாளு.
ஏறத்தான செய்யும்."

மண்டபம் சிரித்தது.
தலைவரும் சிரித்து, உடனே தண்ணீர் குடித்தார்.

"ரீடிங் எடுக்குற தம்பியக் கொற சொல்லல.
அந்தா, கடைசி வரிசைல உக்காந்திருக்காரு.
ஒத்த ஆளுக்கு மூணு பிரிவு குடுத்தா
அவரு காலு என்ன மீட்டரா, நிக்காம சுத்த?
நாங் கேக்குறது ஒண்ணுதேன்.
தாமசம் உங்களுது.
நாளு ஆரோடது?"

மணி அடிக்க வேண்டியவர் அடிக்கவில்லை.
கடைசி வரிசையில் ஜெகவீரன்
கையிலிருந்த கருவியின் திரையை
சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.
மின்விசிறிகள் சுற்றின,
தற்காலிக இணைப்புக் கட்டணத்தில்.

"குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார் தலைவர்.
குறித்துக்கொண்டேன்.
அடுத்து அறுபத்திரண்டு.

நான்கு மாதம் கழித்து ஆணை வெளியானது,
முந்நூற்றுச் சொச்சம் பக்கம்.
இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தில் தேடிப் பிடித்தேன்:
'நாள் யாருடையது என்பது குறித்து.'
நான் போட்ட கேள்விக்குறி
எந்த மேசையில் நிமிர்ந்து புள்ளியானதோ.
உரிமதாரரின் பதில்: விதிகளின்படியே கணக்கிடப்பட்டுள்ளது.
ஆணையத்தின் கருத்து:
உரிய நாளில் கணக்கெடுக்க அறிவுறுத்தப்படுகிறது.
உரிய நாள் எது என்பதற்குப் பின்னிணைப்பைக் காண்க.
கண்டேன்.
டிரான்ஸ்பார்மர்களின் பட்டியல் இருந்தது.

ஆறு தாளும் கோப்பில் ஏறவில்லை.
அளவு சிறியது, துளை போட்டால் தேதி போய்விடும் என்று
பதிவறையில் திருப்பிக் கொடுத்தார்கள்.
என் மேசை இழுப்பறையில்
ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில் கிடக்கின்றன,
உத்திராடம் தொட்டு உத்திரட்டாதி வரை.

ஐந்தாவது தாள் மட்டும் கீழ்நோக்கு நாள், பூரட்டாதி.
அதன் முதுகில் பென்சிலால் ஒரு கணக்கு.
பால், கேஸ், சின்னவன் பீஸ்,
மாமனாரின் மாத்திரை, எல்லாவற்றுக்கும் தொகை உண்டு.
கரண்டு என்று எழுதி
எதிரே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்.
நாலு இலக்கம் கொள்ளும்.