முகங்கள் எதுவும் இல்லை

பொங்கோலில் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளம்.
பெரிய அறையில் மாண்டரின் வகுப்பு,
பதினேழு பேர், ஒரு மேளம்.
காலணி அலமாரிக்குப் பக்கத்தில் நாங்கள்:
நான்கு பிள்ளைகள், நான்,
மூலையில் விரிசல் விட்ட ஒரு கைக்கணினி.

ஆளுக்கு ஐந்து நிமிடம்.
பிடித்ததைப் படமெடுத்து வாருங்கள் என்றேன்.
அகரன் மின்விசிறியை எடுத்தான்,
ஒன்பது முறை, ஒன்பதும் மங்கல்.
ஷஷ்மிதா தன் முழங்கால் பிளாஸ்திரியை.
துருவ் மேசைக்கு அடியில் புகுந்து
யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன டைனோசரோடு
வெளியே வந்தான்.
அந்த மேசையில்தான் இத்தனை நாள்
நான் அகரம் எழுதிக் காட்டுகிறேன்.

மெஹ்ரின் கைக்கணினியை இரண்டு கையாலும்
சோற்றுத் தட்டைப்போல் ஏந்திக்கொண்டு
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
வடிகால் ஓரம் போய்க் குந்தினாள்.
முதுகு மட்டும் தெரிந்தது.
ஏழு நிமிடம் ஆகியும் எழவில்லை.

ஜனவரியிலிருந்து ஆகஸ்டுவரை
என் வகுப்பில் அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை.
தலையசைப்பாள். பென்சிலை நீட்டுவாள்.
வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால்
காலணியின் வெல்க்ரோவைக் கிழித்து ஒட்டுவாள்.
அதுதான் 'உள்ளேன்'.

நான்கு மணிக்குள் பெற்றோர் செயலியில்
எல்லாம் ஏறியிருக்க வேண்டும்.
ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டம்: கற்றல் நோக்கம்.
மின்விசிறிக்கு, 'சுழற்சியை உற்றுநோக்குதல்'.
முழங்காலுக்கு, 'தன்னை அறிதல்'.
டைனோசரிடம் கொஞ்சம் திணறினேன்.

மெஹ்ரினுடையது படமில்லை, காணொளி.
ஐம்பத்தொரு நொடி.
ஈரச் சிமெண்டில் ஒரு நத்தை,
ஓட்டுக்குள் முழுக்கச் சுருங்கியது.
தலைக்குமேல் எல்ஆர்டி கடக்கும் ஓசை.
பிறகு ஒரு குரல்.

"சொல்லு பாப்போம்.
ம்?
சொல்லு, டீச்சருக்குக் கேக்கட்டும்.

சொல்ல மாட்டியா?
சரி, பரவால்ல.
நாளைக்குச் சொல்லலாம்."

அந்த 'ம்?' என்னுடையது.
அதன் பின்னால் வரும் சின்னப் பெருமூச்சும்.
எட்டு மாதமாக அது என்னிடமிருந்து வருவது
எனக்குக் கேட்டதேயில்லை.
அவள் ஒன்று விடாமல் வைத்திருந்தாள்.

நாற்பத்து மூன்றாம் நொடியில்
ஒரு கொம்பு மட்டும் வெளியே வந்தது.
நானாக இருந்தால் கைதட்டியிருப்பேன்,
கொம்பு உள்ளே போயிருக்கும்.
மீதி எட்டு நொடியும்
படம் ஆடவேயில்லை.

செயலி பிள்ளைகளின் முகங்களைத் தானே தேடி
அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடும்.
வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
முகங்கள் எதுவும் இல்லை. நீக்கவா?

பெரிய அறையில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.
கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அவள் அம்மாவுக்குக் காட்டலாம்.
காட்டினால் இன்றிரவே
'நத்தகிட்ட பேசினியாமே, எங்க,
அம்மாகிட்ட சொல்லு பாப்போம்' என்பார்.

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
எங்கேயும் அனுப்பவில்லை.
கட்டம் காலியாகவே கிடக்கிறது.

மறுநாள் வருகைப் பதிவு.
அகரன். உள்ளேன் டீச்சர்.
துருவ். உள்ளேன், பசிக்குது.
ஷஷ்மிதாவுக்குக் காய்ச்சலாம்.
மெஹ்ரின்.
வெல்க்ரோ கிழிந்தது.

"கேட்டுச்சு" என்றேன், குறியிட்டுக்கொண்டே.

அவள் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.
பிறகு குனிந்து
மற்றக் காலின் வெல்க்ரோவையும் கிழித்தாள்.