சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு

பாதி மாத்திரை காலையில், பாதி மாலையில்.
சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு.
டாக்டர் ஓல்ட்மன்ஸ் சீட்டில் எழுதி
‘முன்பு’ என்ற சொல்லுக்குக் கீழே
இரண்டு கோடு இழுத்தார்.

“வயசுக்கு என்னிடம் மருந்து கிடையாது, திருமதி பெரென்ஸ்.
மூளைக்கும் காலுக்கும் போகிற ரத்தம்
கொஞ்சம் சோம்பல்பட்டிருக்கிறது.
தட்டி எழுப்பிப் பார்ப்போம்.
நாலு வாரம் கொடுங்கள்.”

ஃபீட்டேவுக்குப் பதினான்கு வயது.
அக்டோபரிலிருந்தே
தாழ்ப்பாள் பக்கத்தை விட்டுவிட்டு
கீல் பக்கம் போய் நிற்பான்,
கதவு அங்கேதான் திறக்கும் என்பதுபோல.
சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து
பின்னால் வரத் தெரியாமல்
லிஃப்டில் நிற்கிறவர் மாதிரி
மரியாதையாக நின்றுகொண்டிருப்பான்.
நான் சோபாவை இழுப்பேன்.
தன் மாடி வந்துவிட்டதென்று வெளியே வருவான்.

சின்ன மாத்திரை. நடுவில் கோடு இருக்கிறது,
ஆனாலும் கத்திக்குச் சரிபாதி தெரியாது.
பெரிய பாதி காலைக்கு.
நாக்கின் கடைசியில் வைத்துத் தொண்டையைத் தடவ வேண்டும்.
பிறகு அந்த அரை மணி.
அவன் கிண்ணத்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்,
நான் கடிகாரத்தை.
வேசர் ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல்
ஜன்னலின் இந்த ஓரத்தில் புகுந்து
அந்த ஓரத்தில் வெளியேறும்.
என் ரத்த அழுத்த மாத்திரையையும்
அதே நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.
அவனை மட்டும் தனியாகக் காக்கவைப்பானேன்.

மூன்றாம் வாரம், செவ்வாய்,
படி ஏறினான். ஏழு படி, நடுவில் ஒரு பெருமூச்சு.
தபால்காரியைப் பார்த்துக் குரைத்தான்.
அவள் பையை இறக்கிவைத்து
“அட, இருக்கிறாயா நீ!” என்றாள்.
அன்றிரவு அவன் பாதங்கள் வெதுவெதுப்பாக இருந்தன.
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்,
நாலாவதையும் தொட்டுவிட்டு
முதலிலிருந்து மறுபடி.

வியாழன், மாலை ஐந்து ஐம்பது.
எழுந்தான். கதவுக்குப் போனான்.
தாழ்ப்பாள் பக்கம்.
உட்கார்ந்து காதைத் தூக்கினான்.

மீன்பிடித் துறைமுகத்துப் பேருந்து
எங்கள் தெருமுனையில் நிற்கும் நேரம்.
அதில்தான் டெட்லெஃப் வருவார்,
ஜாக்கெட்டெல்லாம் ஹெரிங் வாடையோடு.
ஆறு வருடம் முன்புவரை வந்துகொண்டிருந்தார்.
செத்துப்போகவில்லை, பயப்படாதீர்கள்.
ஓல்டன்புர்க்கில்
ஒரு பல் டாக்டரின் வரவேற்பாளரோடு இருக்கிறார்.
பற்கள் நலம் என்று கேள்வி.

இவன் எப்போது மறந்தான் என்று தெரியாது.
போன வருடம் ஒருநாள் ஐந்து ஐம்பதுக்கு
குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.
அதைப் பார்த்து நான்
ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொண்டாடியதை
இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போனில் கேட்டேன்: டாக்டர், இது முன்னேற்றமா?
அவர் பேசவில்லை.
பின்னால் ஏதோ ஒரு பூனை யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.
“வாலை ஆட்டுகிறானா?”
ஆட்டுகிறான்.
“பேருந்து போன பிறகு?”
கொஞ்ச நேரம் ஆட்டுகிறான். அப்புறம் சாப்பாடு கேட்கிறான்.
“மருந்தை நிறுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை”
என்றார்.
எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

மாலை மாத்திரையை ஐந்தரையிலிருந்து
ஐந்து ஐம்பதுக்குத் தள்ளிவைத்தேன்.
இப்போது கதவருகே அவன்,
பக்கத்தில், செருப்புகளுக்கு நடுவே, தரையில் நான்.
பேருந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டுக் கதவைத் திறக்கும்.
யாரோ இறங்கி வேறு வீட்டுக்குப் போவார்கள்.
ஆறு இருபதுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவேன்.
கிண்ணம் தரையில் படுகிற சத்தத்துக்கு
அவன் திரும்பி ஓடிவருகிற வேகம்,
ஓட்டம் என்றே சொல்லலாம் அதை.

காத்திருந்தால் ஏதோ ஒன்று வரும்
என்பதை அவனுக்குப் பொய்யாக்காமலிருக்க
என்னால் ஆனது இவ்வளவுதான்.

டப்பாவில் இன்னும் நாற்பத்தொரு பாதிகள்.
ஒன்று அடுப்புக்கு அடியில் உருண்டுவிட்டது.